காலியாக விடக் கூடாத காலம்

அக்காவுக்கு எதையும் எடுக்கத் தெரியாது, சேர்க்கத்தான் தெரியும். குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவாள். அதற்கும் அடங்காவிட்டால் தண்ணீர், தண்ணீருக்கு ஈடாகப் புளி, அந்தப் புளிப்பை அடக்க ஒரு சில்லு வெல்லம். கடைசியில் வீட்டுக்கென்று வைத்த குழம்பு கல்யாணப் பந்திக்குக் காணும். அதைத் தூக்குப்போசியில் ஊற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து, "கொழம்பு இன்னைக்குக் கொஞ்சம் நெறைஞ்சு போச்சு கண்ணு, ஊத்திக்க" என்பாள். வேண்டாம் என்றால் கூட ஒரு கரண்டி விழும்.

"போட்ட உப்ப எடுக்க முடியுமா, சொல்லு. போட்டது போட்டதுதான். மேல எதப் போட்டா சரியாவும்னு பாக்கணும், அவ்ளோதான்."

இதைக் குழம்புக்கு மட்டும் சொல்லியிருந்தால் நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியிருப்பேன். அவள் எல்லாவற்றுக்கும் இதையே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கு எதற்குத்தான் பற்றிக்கொண்டு வராது என்று என் அம்மா கேட்பாள், அது வேறு கதை.

பாலக்கோட்டில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பெண்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி. மாரண்டஹள்ளி மாதிரிக் கிட்டத்து ஊர்க்காரிகள் தினமும் வேனில் போய் வருவார்கள். தொப்பூர், கம்பைநல்லூர் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஓசூரிலேயே ஹாஸ்டலில் தங்கிக்கொள்வார்கள். ஆபீசில் நானும், எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த அக்காவும்தான். மேனேஜர் என்று ஒரு சார் உண்டு, ஓசூர் ஹெட் ஆபீஸ் முதலாளிக்கு மச்சான். பாதி நாள் வேன்களின் பின்னால் திரிவார், மீதி நாள் போனில் கத்திக்கொண்டிருப்பார். மாடிக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை குப்பென்று ஏறும், அதனால் அது சாத்தியே கிடக்கும்.

நான் தர்மபுரியில் பி.சி.ஏ. முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பெயர், ஊர் எல்லாம் நிரப்பக் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வரும் என்றார்கள். நான் இருந்த காலம் முழுக்க அந்தப் பக்கம் வரவே இல்லை. "அது ரெடியாவற வரைக்கும் நேரா எஸ்.க்யூ.எல்.லயே போடுங்க" என்று ஓசூர் ஹெட் ஆபீசின் ஐ.டி. ஆள் சொல்லிவிட்டாராம். கறுப்புத் திரை, அதில் கட்டளையை நாமே அடிக்க வேண்டும். இன்சர்ட் இன்டு என்று அடித்து, எந்த டேபிள் என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் காலங்களின் பெயரை வரிசையாக எழுத வேண்டும். பிறகு வேல்யூஸ் என்று போட்டு, இன்னொரு அடைப்புக்குறிக்குள் அதே வரிசையில் அந்தப் பெண்ணின் பெயர், அப்பா பெயர், ஊர், ரத்த வகை, வேன் ஏறும் இடம். எண்டரைத் தட்டினால் ஒரு ரோ சேர்ந்தது என்று பதில் வரும். ஒரு பெண் உள்ளே போய்விட்டாள் என்று அர்த்தம்.

காலம் என்றால் டேபிளில் மேலிருந்து கீழே ஓடும் பத்தி, இங்கிலீஷ்க் காலம். அக்கா அதையும் நம் காலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வாள். குழப்பிக்கொள்வாளா, தெரிந்தேதான் சொல்வாளா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "எந்தக் காலத்துல எது போவணுமோ அதான் போவணும் கண்ணு. காலம் மாறிப்போச்சுன்னா ஆளே மாறிப்போயிருவாங்க" என்பாள். ஒவ்வொரு முறையும் எல்லாக் காலத்தின் பெயரையும் நிறுத்தி நிதானமாக அடிப்பாள். பார்த்துக்கொண்டிருந்தால் கொட்டாவி வரும்.

அதை எழுதாமலும் விடலாம். விட்டால், டேபிளில் காலங்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் நாம் கொடுப்பது போய் உட்கார்ந்துகொள்ளும். நேரம் மிச்சம் என்று நான் விட்டுவிடுவேன். ஒரு நாள் ஓசூர் ஐ.டி. ஆள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டேபிளைப் புதிதாகக் கட்டி, அப்பா பெயரைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார். இரண்டும் பெயர்தானே, கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் வேன் டிரைவர் பட்டியலை வைத்துக்கொண்டு, "முனுசாமி, மாதப்பன், சின்னப்பையன்" என்று கூப்பிட்டிருக்கிறார். கதவருகே நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், "எங்கப்பா வர்லீங்கண்ணா, நான்தான் வந்திருக்கறன்" என்று சொல்லி ஏறினாளாம். அப்புறம் எல்லோரும் அவரவர் அப்பன் பெயருக்கு "இருக்கறனுங்க" சொல்லி ஏறிவிட்டார்கள்.

மேனேஜர் சார் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். அக்கா குறுக்கே வந்து, "அதுக்கென்னங்க சார், இப்பச் சேத்துட்டாப் போவுது" என்றாள். தப்பான ரோக்களை அழிக்க எங்களால் முடியாது. திருத்தவும் முடியாது. ஐ.டி. ஆள் எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்த உரிமை ஒன்றே ஒன்றுதான், புது ரோ சேர்க்கலாம். டெலீட் என்று அடித்தால் உனக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று திரை முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். அக்கா உட்கார்ந்து அந்தப் பெண்கள் எல்லோரையும் சரியான பெயரில் மறுபடி ஏற்றினாள். மறுநாள் ஓசூரில் எண்ணிக்கையைப் பார்த்து இன்னும் பெரிய வேனாக அனுப்பிவிட்டார்கள். பாதி வேன் காலி.

"பரவால்ல வுடு, புள்ளைங்க கால நீட்டிட்டுப் போவட்டும்" என்றாள் அக்கா.

நான் கொதித்துப்போய், "ஒரு தப்ப அழிக்கக்கூட வழி இல்லாத வேலை என்னக்கா வேலை" என்றேன்.

"நமக்குக் குடுத்ததே சேக்கறதுக்குத்தான். எடுக்கறதெல்லாம் மேல இருக்கறவன் பாடு" என்றாள். மேலே இருக்கிறவன் என்று அவள் ஓசூர்க்காரரைச் சொன்னாளா, சாமியைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர். அப்பா கந்தசாமிக்கு நெல் யாவாரம். பேச்சுக்குப் பேச்சு எங்கப்பா, எங்கப்பா என்று இழுப்பாள். கட்டிக்கொடுத்தது மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். அவர்களும் நம் ஆட்கள்தான், ஆனால் வீட்டுக்குள் கன்னடம். கல்யாணமான புதிதில் மாமியாருக்குச் சோறு போட்டிருக்கிறாள். மாமியார் கையை மறித்து, "சாகு, சாகு" என்றிருக்கிறார். கன்னடத்தில் சாகு என்றால் போதும். இவளுக்கு அது எங்கே தெரியும். வந்த மறுவாரமே சாகச் சொல்கிறார்களே என்று அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். புருஷன் வந்து சிரித்துக்கொண்டே அர்த்தம் சொன்னாராம்.

"இப்பதான் தெரியுமில்லக்கா, சாகுன்னா போதும்னு? அப்புறமும் எதுக்கு எல்லாருக்கும் கூட ஒரு கரண்டி போடறீங்க?"

"தெரியும். ஆனா அவங்க சாகுன்னு சொல்றப்பல்லாம் எனக்கு மொதல்ல பழைய அர்த்தம்தான் வருது. புது அர்த்தம் பின்னாலதான் வருது. அதுக்குள்ள கை ஒரு கரண்டி போட்டுருது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு வேலைகள் கூடிக்கொண்டே போகும், குறைந்து நான் கேட்டதில்லை. முதலில் ஒரு மாடு இருந்தது. அப்புறம் கன்று. அப்புறம் படுத்த படுக்கையாகிவிட்ட மாமனார். அப்புறம் தக்காளி சீசனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விடியற்காலையில் காய் பறிப்பு. எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டாள். அதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்துகொள்வாள். "சொல்லித் தொலைங்களேன்க்கா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினால், "சொன்ன சொல்ல எடுக்க முடியாது கண்ணு, அதான் யோசன" என்பாள். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று எனக்கு ஆத்திரமாக வரும். மதியம் அவள் தூக்குப்போசியைத் திறக்கிற வரைக்கும்தான் அந்த ஆத்திரம். எனக்காகத் தனியாக முட்டை வறுத்து அடியில் ஒளித்துவைத்திருப்பாள்.

எங்கள் ஆபீசில் வேலையை விட்டுப் போவது என்று கிடையாது. ஆளை விட்டுப் போவதுதான் உண்டு. சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிபிகேட்களை வாங்கி ஓசூரில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நின்றுகொள்கிறேன் என்றால் மேனேஜர் சார் ஒரே பதில் வைத்திருந்தார். "தாராளமாப் போம்மா. ஒரு ஆள வுட்டுட்டுப் போ."

முன்பு ஒருமுறை ஆபீஸ் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்ததாம். அதிலிருந்து இந்தச் சட்டத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஒருத்தர் நிற்க வேண்டுமென்றால் ரிலீவிங் என்ற டேபிளில் அவர் பெயரில் ஒரு ரோ ஏற வேண்டும். அந்த ரோவில் ரிப்ளேஸ்மென்ட் என்று ஒரு காலம். அவருக்குப் பதில் வந்தவரின் எண்ணை அங்கே போட வேண்டும். காலியாக விட்டால் ரோ ஏறாது. வாய்க்கு வந்த எண்ணை அடித்தாலும் ஏறாது, அந்த எண்ணில் ஆபீஸ் டேபிளில் ஓர் ஆள் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஒருத்தரையே இரண்டு பேருக்குப் பதிலாகக் காட்டவும் முடியாது. ஆக, வெளியே ஒரு ஆள் போக உள்ளே ஒரு ஆள் சேர வேண்டும். எலிப்பொறிக்கு இதைவிடக் கதவு அகலம்.

அக்கா அப்படி உள்ளே வந்தவள்தான். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தது அவளுடைய நாத்தனார். சேலத்தில் மாப்பிள்ளை முடிவானதும், "ஒரே ஒரு வருசம் உக்காருங்கண்ணி, அதுக்குள்ள வேற ஆள் பாத்துக்கலாம்" என்று அக்காவை உட்காரவைத்துவிட்டுப் போனாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்பைநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பன் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். போகவில்லை.

"ஏன்க்கா? தேடியிருந்தா ஒரு ஆள் கெடைச்சிருக்காதா?"

"கெடைக்காம என்ன. எங்க தெருவுலயே ரெண்டு பொண்ணுங்க கேட்டுச்சுங்க." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தச் சேர்ல ஒரு பொண்ண உக்கார வெச்சுட்டு நான் எந்திரிச்சுப் போவணுமா? என்னால ஆவாது."

அவள் வாயிலிருந்து ஆகாது என்ற சொல்லை நான் கேட்டது அப்போதுதான். தினமும் வேன் வேனாகப் பெண்களை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தவள், தன் ஒருத்திக்காக ஒரு ரோ ஏற்ற மாட்டேன் என்றாள். நல்லவள் என்று நினைப்பதா, பைத்தியம் என்று நினைப்பதா என்று தெரியாமல் நான் என் டீயைக் குடித்தேன்.

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது. உண்மையான கம்பெனி, உண்மையான சாஃப்ட்வேர் வேலை. மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடும் ரிலீவிங் லெட்டரோடும் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். நான் மேனேஜர் சாரிடம் போய் நின்றேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, "ஆள வுட்டுட்டுப் போம்மா, யார் வேண்டாங்கறா" என்றார்.

கூடப் படித்தவர்களை எல்லாம் கேட்டேன். எங்கள் ஆபீஸ் பெயரைச் சொன்னதும் போனை வைத்தார்கள். அக்காவைக் காட்டிக் கணக்கை முடிக்கலாம் என்றால் அவள் எண் அவளுடைய நாத்தனாருக்குப் பதிலாக எப்போதோ செலவாகிவிட்டது. நாள் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் அந்த மாடிப்படி ஏறி வந்து, சாத்திய ஜன்னலைப் பார்த்தால் ஓங்கி உடைக்கத் தோன்றும்.

வீட்டில் அம்மாதான் வழி சொன்னாள். "சுகன்யா வூட்லதான இருக்கறா. ஒரு வருசம் போய் உக்காரட்டும். நர்ஸ் படிப்பு எங்க ஓடிப்போவுது?"

சுகன்யா என் தங்கச்சி. பிளஸ் டூ முடித்திருந்தாள். சேலத்தில் நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்து, அடுத்த மாதம் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும். அந்த ஒரிஜினல் ஓசூர் பீரோவுக்குள் போய்விட்டால் நர்ஸிங்கை மறந்துவிட வேண்டியதுதான். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளே சர்ட்டிபிகேட் ஃபைலை எடுத்து என் பையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் அந்தப் பையை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆபீசில் ஃபைலை மேசைமேல் வைத்தேன். அக்கா எடுத்துப் பிரித்து, மார்க் ஷீட்டைப் பார்த்து, "பயாலஜில நல்லா வாங்கியிருக்குதே புள்ள. யாருது?" என்றாள்.

"சுகன்யாது."

"எதுக்கு இங்க வந்துச்சு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. முகம் கறுத்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"கொண்டுபோய் வூட்ல வெய்யி."

"அக்கா, ஒரே ஒரு வருசம்தான்..."

"எங்க நாத்துனாளும் அப்படித்தான்டி சொன்னா." அன்றுதான் முதல் தடவையாக என்னை டி போட்டுப் பேசினாள். "இத இங்க யாராச்சும் பாத்தாங்க, உன் கைய ஒடிச்சிப்புடுவன். எடு. இப்பவே எடுத்துட்டுக் கெளம்பு, போ."

"அப்ப நான் என்னதான் பண்றது? நீங்க சொல்லுங்க. உங்கள மாதிரியே இங்கயே கெடந்து சாவறதா?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. அக்கா கோபப்படவில்லை. ஃபைலை என் பையில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, என் தோளில் மாட்டிவிட்டாள். "நான் ஒரு ஆள் பாக்கறன். நீ போ" என்றாள்.

இரண்டொரு நாளில், "ஆள் கெடைச்சிருச்சு கண்ணு" என்றாள். கம்பைநல்லூர்ப் பெண்ணாம், பி.சி.ஏ. படித்தவளாம்.

"யாருக்கா? நான் பாக்க வேண்டாமா?"

"நீ கெளம்பற அன்னைக்குத்தான் வருவா. என் பேருதான் அவளுக்கும்." சிரித்தாள். "கம்பைநல்லூர்ல தெருவுக்கு நாலு பேருக்கு என் பேரு."

மேனேஜர் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சர்ட்டிபிகேட்டு?"

"அது ஓசூருக்கே போயிருச்சுங்க சார். வேணும்னா பீரோவுல பாக்கச் சொல்லுங்க."

அவர் போனில் கேட்டார். அங்கே யாரோ பீரோவைத் திறந்து பார்த்து, இருக்கிறது என்று சொன்னார்கள். அவருக்கு அது போதும். அவர் வேனைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அக்கா என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து புதுப் பெண்ணை ஏற்றினாள். அப்புறம் என் ரிலீவிங் ரோ. அதை மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வழக்கம்போல எல்லாக் காலத்தின் பெயரையும் ஒன்று விடாமல் அடித்தாள். எங்கேயாவது ஓர் எழுத்து தப்பாகி ஏறாமல் போய்விடுமோ என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்டர் தட்டினாள். ஒரு ரோ சேர்ந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அழுவாத, அழுவாத, போய் நல்லாரு" என்று என் முதுகைத் தட்டினாள். கிளம்பும்போது பெரிய டப்பாவில் முறுக்கு கொடுத்தாள். கைப்பிடி வரை நிரம்பியிருந்த பையில் அது நுழையவில்லை. இன்னொரு பை கொடுத்தாள்.

புதுப் பெண் நான் பஸ் ஏறும் வரை வரவில்லை. பஸ் லேட்டாம்.

பெங்களூர் எனக்குப் பிடித்துப்போனது. சுகன்யா சேலத்தில் சேர்ந்தாள், வெள்ளை யூனிபார்மில் ஒரு போட்டோ அனுப்பினாள். அதை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு கை கும்பிட்ட படம் மட்டும் பதிலாக வந்தது. முதலில் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் போனை எடுப்பது குறைந்தது. எடுத்தாலும், "வேல கண்ணு, அப்புறமேட்டுக் கூப்பிடறன்" என்பாள், கூப்பிட மாட்டாள். புதுப் பெண் எப்படி என்று கேட்டால், "பாவம், நல்ல புள்ள, வாயத் தொறக்காது" என்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முட்டை வறுவல் இப்போது அவளுக்குத்தானே போகும்.

பிறகு அக்கா போனை எடுப்பதே நின்றுபோனது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மதியம் என் பழைய மேசையின் போனுக்கு அடித்தேன். ஓசூர்க்காரர்கள் எங்களைக் கூப்பிட எங்கள் மேசைகளில் ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள். என்னுடையதை இப்போது அந்தப் புதுப் பெண் எடுப்பாள், அவளிடமாவது அக்காவைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

"வணக்கங்க" என்றது ஒரு மெல்லிய குரல். சின்னப் பெண்ணின் குரல், மூக்கால் பேசுகிற குரல்.

"யாருங்க பேசறது?"

"கே." என்று இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னாள். "புதுசா சேந்தவங்க. சொல்லுங்க மேடம்."

அவள் என்னை ஓசூர் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டுவிட்டாள். நான் ஓசூர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அந்த எழுத்து உறைத்தது. கே. கந்தசாமியின் கே. கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் எழுத்து, பின்னால் புருஷன் எழுத்து, நம் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். ஆபீசில் அக்கா புருஷன் எழுத்தோடு இருந்தாள். அவள் படித்து வாங்கிய சர்ட்டிபிகேட்டில் எல்லாம் அப்பன் எழுத்து. அவை எத்தனையோ வருஷமாக ஓசூர் பீரோவுக்குள்தான் கிடக்கின்றன. எங்கள் டேபிளுக்கு மனுஷரைத் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறு ஆள். அக்கா தன்னையே இரண்டாவது தடவையாக உள்ளே சேர்த்து, அந்த எண்ணை என் காலத்தில் போட்டிருக்கிறாள். இரண்டு மேசை வேலையும் அவளே செய்துகொண்டு, இரண்டு போனையும் இரண்டு குரலில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மேனேஜர் சார் மாடி ஏறி வந்து கேட்டால், அந்தப் பெண் இப்போதுதான் சாப்பிடப் போனாள் என்று சமாளித்திருப்பாள்.

ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் கீழே உரக்கடையில் யாரோ மூட்டை இறக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"அக்கா, நான்தான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அக்கா சாப்பிடப் போயிருக்காங்கங்க" என்றது அந்த மூக்குக் குரல். "எதாச்சும் சொல்லணுங்களா?"

அவள் அந்தக் குரலை விட மாட்டாள் என்று புரிந்தது. மாடிப்படியில் மேனேஜர் ஏறி வருகிறாரோ என்னவோ. இல்லை, யாருமே இல்லாமலும் இருக்கலாம்.

"சொல்லணும்" என்றேன். "சர்ட்டிபிகேட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், அந்த சேரை அப்படியே வுட்டுட்டு எந்திரிச்சு வந்துரச் சொல்லு. எங்கிட்ட வரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

"சொல்றங்க."

"கண்டிப்பாச் சொல்லுவியா?"

"சொல்றங்க. ஆனா..." அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது. "அவங்களும் போயிட்டாங்கன்னா இங்க நான் ஒண்டியா ஆயிருவனே, கண்ணு."